மடகாஸ்கர்காரர்கள் யார்? ஒரு கதம்பச் சரத்தை வைத்துச் சில விளக்கங்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தார். மடகாஸ்கர் தீவில் வாழ்கிறவர்கள் கடலில் மூழ்கிய குமரிக்கண்டத்தில் மிஞ்சிய தமிழர்களாம். டி.என்.ஏ. ஆதாரம் கிடைத்துவிட்டதாம். கீழே எட்டுப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் மட்டும் "இது சரியில்லை பெரியப்பா" என்று போட, "அப்படின்னா எது சரின்னு எழுதி அனுப்பு, படிக்கிறோம்" என்றார். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

ஒரு மக்கள் கூட்டம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நாம் ஒரே ஊர்ப் பெயரைப் பதிலாக எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான இடங்களுக்கு அப்படி ஒரு பதில் கிடையாது. இது ஏன் என்று புரிந்துகொள்ள மடகாஸ்கரைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். வந்து சேர்ந்த கூட்டங்கள் இரண்டுதான் பெரியவை. அவை ஒன்றோடொன்று கொஞ்சமும் தொடர்பில்லாதவை. கலந்ததும் அண்மையில்தான்.

முதலில் குமரிக்கண்டத்தை முடித்துவிடுவோம்

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு புதிருக்கு விடை தேடினார். லெமூர் என்ற குரங்கின விலங்கு மடகாஸ்கரில் நிறைந்திருக்கிறது, அதன் உறவு விலங்குகள் இந்தியாவிலும் உள்ளன, நடுவிலோ கடல். முன்பு அங்கே நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, லெமூரின் பெயரால் லெமூரியா என்று அழைத்தார். பிற்காலத்தில் நம்மவர்கள் இலக்கியங்களில் உள்ள கடல்கோள் செய்தியை இதனோடு முடிச்சுப் போட்டார்கள். குமரிக்கண்டம் அப்படித்தான் வளர்ந்தது.

1960களில் கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதியானதும் லெமூரியாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தது உண்மை. பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம் மனித இனத்துக்கு வயது 3 லட்சம் ஆண்டுகள். அந்த நிலம் பிரிந்தபோது டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன, தமிழும் இல்லை, தமிழரும் இல்லை. மனிதர்கள் அந்தத் தீவுக்குப் படகேறித்தான் போனார்கள்.

தீவு என்றதும் சின்னதாக நினைக்க வேண்டாம். உலகின் நான்காவது பெரிய தீவு. தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மிகக் குறுகிய இடத்தில் நானூறு கிலோமீட்டர்தான். இத்தனை பக்கத்தில் இருந்தும், உலகில் மனிதர் குடியேற மிகவும் தாமதமான பெருநிலங்களில் அது ஒன்று. ஊர்கள் நிலைத்ததற்கான தடயங்கள் கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியிலிருந்துதான் தெளிவாகக் கிடைக்கின்றன.

பத்துமலையில் இருக்கும் 'பத்து'

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி இனிக்கும். பத்துமலை முருகன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அந்தப் 'பத்து' எண் அல்ல. பாத்து என்றால் மலாயில் கல். மடகாஸ்கரின் மலகாசி மொழியில் கல்லுக்கு என்ன சொல் தெரியுமா? வாத்து. நிலவு மலாயில் புலான், மலகாசியில் வுலான. பறவை புரோங், அங்கே வுருன.

எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஜாவாக்காரப் பாட்டி ஒருவர் இருந்தார். வாழைப்பழச் சீப்பை எண்ணும்போது தெலு, பித்து, வோலு என்பார்: மூன்று, ஏழு, எட்டு. மலகாசியில் அவை தெலு, ஃபித்து, வாலு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு மொழிகளில் நாலு சொல் ஒரே மாதிரி ஒலித்தால் உறவு என்று சொல்லிவிட முடியாது. அப்படிப் பார்த்தால் அம்மா என்ற சொல்லை வைத்து உலகத்தில் பாதியைத் தமிழாக்கிவிடலாம், ஆக்கியும் விட்டார்கள். மொழியியலாளர்கள் தேடுவது ஒலி ஒற்றுமையை அல்ல, ஒழுங்கை. தமிழின் ப கன்னடத்தில் ஹ ஆகிறது: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒரு சொல்லில் அல்ல, வரிசையாக நடக்கிறது. அதே போல மலாயின் முதலெழுத்து பகரம் (பாத்து, புலான், புரோங் என ஆங்கில b போல ஒலிப்பது) மலகாசியில் வகரமாகிறது, ஜாவா மொழியின் பகரம் (பித்து என ஆங்கில p போல ஒலிப்பது) ஃபகரமாகிறது. வரிசை தவறாமல் இப்படி அமைவதற்கு ஒரே காரணம்தான்: இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இது புதிதாகக் கண்டதும் அல்ல. ஃபிரெடெரிக் டி ஹௌட்மன் என்ற டச்சு மாலுமி 1603இலேயே மலாயையும் மலகாசியையும் ஒரே அகராதிக்குள் வைத்து அச்சிட்டார். 1951இல் ஓட்டோ டால் என்ற நார்வேக்காரர் உறவை இன்னும் நெருக்கிப் பிடித்தார். போர்னியோவின் தென்கிழக்கே பரித்தோ ஆற்றுப் பக்கத்தில் பேசப்படும் மஅன்யான் மொழிதான் மலகாசிக்கு மிக நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் நடுவே கடல்வழித் தொலைவு சுமார் 7,000 கிலோமீட்டர்.

எனக்கு மிகவும் பிடித்தது திசைச் சொற்கள். மலாயில் பாராட் என்றால் மேற்கு, தீமோர் என்றால் கிழக்கு. மலகாசியில் அதே வேரிலிருந்து வந்த அவாரட்ர என்பது வடக்கு, அட்சிமு என்பது தெற்கு. திசைகாட்டி கால் சுற்றுத் திரும்பிவிட்டது. காரணம், கடலோடிகளுக்குத் திசை என்பது காற்று. நாமும் வாடை, தென்றல் என்று காற்றுக்குத் திசையை ஒட்டியே பெயர் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு மழைக்காற்று ஊரில் மேற்கிலிருந்து வந்தது. புது நிலத்தின் கரையில் மழைக்காற்று வடக்குப் பக்கத்திலிருந்து வீச, பெயரும் அங்கே நகர்ந்துவிட்டது.

அப்படியானால் மலகாசி மக்கள் போர்னியோக்காரர்கள் என்று முடித்துவிடலாமா? மாட்டுத் தொழுவத்துக்குள் போனால் கதை மாறுகிறது. மலகாசியில் மாடு உம்பி, கோழி அகூஹு, நாய் அம்புஆ. இவை ஆப்பிரிக்காவின் பான்ட்டு மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றான சுவாஹிலியில் மாடு ங்ஓம்பே, கோழி கூக்கு, நாய் ம்ப்வா. கல், நிலவு, எண் எல்லாம் ஆசியா. வீட்டு விலங்குகள் ஆப்பிரிக்கா. கூட வாழ்ந்து கற்றுக்கொண்டால்தான் இப்படிச் சொற்கள் பங்கு பிரியும்.

இதுவரை: மொழி போர்னியோவைக் காட்டுகிறது, ஆனால் ஆப்பிரிக்கர்களும் கூடவே இருந்தார்கள் என்றும் சொல்கிறது. யார் எவ்வளவு என்று மொழி சொல்லாது. மொழியை ஒரு சிலர் கொண்டுவந்தாலும் எல்லாரும் பேசத் தொடங்கலாம். எங்கள் தெருவில் மலாய் பேசாத சீனர் கிடையாது, அதனால் அவர்கள் மலாய்க்காரர் ஆகிவிடவில்லை.

சரமும் வெட்டும்

இனி டி.என்.ஏ. உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இருக்கும் எழுத்துச் சுவடி அது. நான்கே எழுத்துகள், சுமார் 600 கோடி முறை. அந்தச் சுவடி 23 ஜோடிக் கட்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் குரோமோசோம் என்று பெயர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது.

குரோமோசோமை ஒரு பூச்சரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டார் எல்லாரும் முல்லை, அப்பா வீட்டார் எல்லாரும் கனகாம்பரம். பிள்ளையிடம் இரண்டு சரம் இருக்கும். ஒன்று முழுக்க முல்லை, ஒன்று முழுக்கக் கனகாம்பரம். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்குச் சரம் கொடுக்கும்போது இரண்டையும் கொடுக்க முடியாது, ஒன்றுதான் கொடுக்க வேண்டும். எனவே இயற்கை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓரிரு இடத்தில் வெட்டி, மாற்றி முடிந்து, ஒரு சரமாக்குகிறது. இப்போது பாதித் தூரம் முல்லை, பாதித் தூரம் கனகாம்பரம். அடுத்த தலைமுறையில் மறுபடி வெட்டு, மறுபடி முடிச்சு.

முப்பது தலைமுறை கழிந்தபின் அந்தச் சரத்தை எடுத்துப் பார்த்தால் கதம்பமாகத்தான் இருக்கும். ஆனால் பூக்கள் அரைபட்டுப் போயிருக்காது. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவு மாதிரி உளுந்து எது, அரிசி எது என்று தெரியாமல் போவதில்லை. இங்கே இத்தனை முல்லை, அங்கே இத்தனை கனகாம்பரம் என்று விரலால் தொட்டுச் சொல்லலாம். ஒரு மக்கள் கூட்டத்தின் சரங்களில் இப்படி வெவ்வேறு மூலங்களின் துண்டுகள் சேர்ந்திருப்பதை மரபுக் கலப்பு என்கிறோம்.

துண்டின் நீளத்திலும் செய்தி இருக்கிறது. கலந்தது நேற்று என்றால் துண்டுகள் நீளமாக இருக்கும். கலந்து வெகு காலம் ஆனால் வெட்டு மேல் வெட்டு விழுந்து குட்டையாகியிருக்கும். சராசரி நீளத்தை அளந்தால் எத்தனை தலைமுறைக்கு முன் கலந்தார்கள் என்று கணக்கிடலாம். பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரிதான். மலகாசி மக்களின் துண்டுகளைப் பார்த்தால் கலப்பு சில நூறு முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று தெரிகிறது. மனித வரலாற்றுக் கணக்கில் இது அண்மையதுதான்.

எந்தப் பூ எந்த ஊர் என்று எப்படித் தெரியும்?

இரண்டு மனிதரின் சுவடிகளை ஒப்பிட்டால் ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து அளவில்தான் மாறும். மாறுகிற அந்த இடங்களில் சில எழுத்துகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் அதிகம், போர்னியோவில் அரிது. சில இதற்கு நேர்மாறு. ஒரு எழுத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான எழுத்துகள் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தத் துண்டு அந்தப் பக்கத்துடையது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் வேண்டும். இன்றைய பான்ட்டு மக்கள், இன்றைய போர்னியோ மக்கள் என்று சேர்த்து வைத்த மாதிரிகளை ஒப்பீட்டுத் தொகுப்பு என்போம். 'இன்றைய' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. முடிவு "உன் முன்னோர் இந்த ஊரில் இருந்தார்கள்" என்று சொல்வதில்லை. "இந்த ஊரில் இப்போது இருப்பவர்களோடு உன் துண்டு ஒத்துப்போகிறது" என்றுதான் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பாதி வாட்ஸ்அப் செய்திகள் பிழைக்கின்றன.

2007 முதல் 2014 வரை ஆய்வாளர்கள் மடகாஸ்கர் முழுவதும் 257 கிராமங்களுக்குப் போனார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. நாடு முழுதும் சராசரியாகப் பார்த்தால் சுமார் 60 சதவீதம் ஆப்பிரிக்கா, 37 சதவீதத்தை ஒட்டித் தென்கிழக்காசியா, மிச்சம் சிறு பங்கு வேறு திசைகள். தென்கிழக்குக் கரையில் அரபி எழுத்தில் மலகாசி மொழியை எழுதிவைத்த பழஞ்சுவடிகள் உள்ளன. அந்த மிச்சத்தில் அரபுத் தொடர்பும் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

மொழி கிட்டத்தட்ட முழுக்க ஆசியா. உடம்பில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கா. இரண்டும் பொய் சொல்லவில்லை.

சராசரி என்பதும் ஏமாற்றும். நடுமேட்டு நிலத்தில் ஆசியப் பங்கு கூடுதல், கரையோரங்களில் ஆப்பிரிக்கப் பங்கு கூடுதல். ஆனால் அந்த 257 கிராமங்களில் கலப்பு இல்லாத கிராமம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை.

குலதெய்வம் வழியும் பாட்டியின் தோடு வழியும்

வெட்டாமல் கைமாறும் சரங்கள் இரண்டு உண்டு. ஒன்று ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும், ஏறக்குறைய அப்படியே போகும். குலதெய்வம் மாதிரி. இன்னொன்று உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பின் டி.என்.ஏ. அம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பாள், ஆனால் மகள்தான் மேலே கடத்துவாள். பாட்டியின் தோடு பேத்திக்குப் போகிற மாதிரி.

வெட்டு விழாததால் இவற்றின் தடம் தெளிவாக இருக்கும். தெளிவாக இருப்பதாலேயே தவறாகவும் படிக்கப்படும். உங்கள் குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று தெரிந்தால் அப்பாவின் அப்பாவின் அப்பா வழி தெரியும். ஆனால் நான்கு தலைமுறை மேலே போனால் உங்களுக்கு முன்னோர் பதினாறு பேர். அந்தக் கோயில் அவர்களில் ஒருவரை மட்டும்தான் காட்டுகிறது. பத்துத் தலைமுறையில் 1,024 இடங்கள். முப்பதில் 107 கோடி. ஆயிரம் ஆண்டுக்கு முன் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை, எனவே ஒரே ஆள் பல இடங்களில் வந்து உட்கார்ந்திருக்கிறார். சொந்தத்துக்குள் கொடுத்து எடுத்தவர்கள் நாம், நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்த 1,024 பேரில் சில நூறு பேரிடமிருந்து உங்கள் உடம்பில் ஒரு எழுத்துகூட இருக்காது என்பது இன்னொரு வேடிக்கை. வெட்டும்போது அவர்கள் துண்டு விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் அவர்கள் முன்னோர் இல்லை என்று ஆகிவிடுமா?

மடகாஸ்கரில் இந்த இரண்டு தடமும் வெவ்வேறு கதை சொல்கின்றன. ஆண்வழியில் சுமார் 70 சதவீதம் ஆப்பிரிக்கா. பெண்வழியில் ஏறக்குறைய பாதி ஆசியா. ஆக, வந்த ஆசியப் பெண்களின் வழி நிலைத்த அளவு ஆசிய ஆண்களின் வழி நிலைக்கவில்லை. ஏன் என்று எண்கள் சொல்லாது. திருமண வழக்கமா, அடிமை வணிகமா, யார் எப்போது வந்தார்கள் என்பதா, பலவும் காரணமாகலாம். எண்ணைப் பார்த்ததும் ஒரு சினிமாக் கதை கட்டிவிடுபவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

2012இல் ஓர் ஆய்வு 266 பேரின் தாய்வழித் தடத்தை வைத்துக் கணக்கிட்டு, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய 30 பெண்கள் தொடங்கிவைத்த மக்கள் இவர்கள் என்றது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தென்கிழக்காசிய வழியினர். உடனே "30 பெண்களோடு ஒரு படகு திசைதவறிப் போயிற்று" என்று செய்தி பரவியது. எண் சொல்வது அதுவல்ல. வந்தவர்கள் எத்தனை பேரோ, இன்றுவரை மகள் வழி அறுபடாமல் தொடர்ந்தது அத்தனை பேருடையது என்பதுதான் பொருள். மகன்களை மட்டும் பெற்றவளின் தோடு அவளோடு நின்றுவிடும்.

சுருக்கினால், பூச்சரங்கள் எல்லாப் பக்கத்து முன்னோரின் கலவையைச் சொல்கின்றன. ஒய், மைட்டோகாண்ட்ரியா இரண்டும் ஆளுக்கு ஒரு வழியை மட்டும் காட்டுகின்றன. மாற்றிப் படித்தால் குழப்பம்.

மண்ணுக்கடியில் பாசிப்பயறு

டி.என்.ஏ.யும் மொழியும் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து பின்னோக்கி ஊகிப்பவை. நேரடிச் சாட்சி வேண்டாமா? 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய குடியிருப்புகளின் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதக்கும் கருகிய விதைகளைப் பொறுக்கினார்கள். பார்க்கப்போனால் நம் வீட்டில் அரிசி களைந்து பதர் நீக்கும் வேலைதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர ஊர்களில் கிடைத்தவை பெரும்பாலும் சோளம், கம்பு போன்ற ஆப்பிரிக்கப் பயிர்கள். மடகாஸ்கரிலும் பக்கத்துக் கொமொரோ தீவுகளிலும் கிடைத்தவை நெல், பாசிப்பயறு, ஆசியப் பருத்தி. அடுப்பில் தவறி விழுந்து கருகிய பயறு ஆயிரம் ஆண்டு கழித்துச் சாட்சி சொல்கிறது.

ஒரு கொசுவின் பங்கு

பங்கு எப்போதும் அப்படியே நிற்பதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வைவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைய அதன் மேலுள்ள டஃபி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் அந்தப் பிடியே கிடையாது. மலகாசி மக்களின் முதலாம் குரோமோசோமில், டஃபிக்கான எழுத்துகள் இருக்கும் இடத்தில் மட்டும், ஆப்பிரிக்கத் துண்டு மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருக்கிறது. அந்தத் துண்டை வாங்கிய பிள்ளைகள் காய்ச்சலில் சாகாமல் பிழைத்து, மேலும் பிள்ளை பெற்றார்கள். சில பத்துத் தலைமுறைக்குள் கொசு கதம்பத்தைத் திருத்திக் கட்டிவிட்டது. 60, 37 என்பதை வந்து இறங்கிய ஆள் கணக்காகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

பெரியப்பாவின் மூன்று சதவீதம்

இத்தனையையும் படித்துவிட்டுப் பெரியப்பா கேட்டார்: "அப்போ நம்மாளுங்க யாருமே அந்தப் பக்கம் போகலையா?"

போனார்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரீயூனியன் தீவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக. அங்கே அவர்களை மல்பார் என்பார்கள், பெரும்பாலோர் தமிழ் வழியினர், இன்றும் தீமிதிக்கிறார்கள். மடகாஸ்கரிலேயே இந்திய வழியினர் உண்டு, ஆனால் அவர்கள் பெரும்பாலும் குஜராத்தி வணிகர்கள். மலகாசி மொழியில் சில சமஸ்கிருதச் சொற்கள் உள்ளன. அவை மலாய், ஜாவா மொழிகளுக்குள் ஏற்கெனவே புகுந்திருந்து, அங்கிருந்து படகேறியவை.

அதோடு விடவில்லை. ஆஸ்திரேலியாவிலிருக்கும் அக்கா அவருக்கு டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் துப்பி அனுப்பும் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். முடிவில் 91 சதவீதம் தென்னிந்தியா, 6 வட இந்தியா, 3 தென்கிழக்காசியா என்று வந்தது. சோழர் காலத்திலேயே நம் குடும்பம் கடாரத்தில் பெண் எடுத்திருக்கிறது என்று ஒரு வருடம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் நிறுவனம் தன் ஒப்பீட்டுத் தொகுப்பில் புதிதாக இந்திய மாதிரிகளைச் சேர்த்தது. அந்த 3 சதவீதம் காணாமல் போயிற்று. அவருடைய எச்சில் மாறவில்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆட்கள் மாறினார்கள். முன்பு சரியான சொந்தக்காரர் வரிசையில் இல்லாததால் அந்தத் துண்டு, இருந்தவர்களில் கொஞ்சம் ஒத்தவரோடு ஒட்டியிருந்தது.

இதையும் விளக்கி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். பழைய முடிவை வண்ணத்தில் அச்செடுத்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டியிருந்தார்.